ஆந்தைக்கரடி முதல் ஃப்ளம்ஃப் வரை: பழைய டி அண்ட் டி ஜந்துக்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் விளையாட்டுக் கூட்டத்துக்குப் புதிதாக யார் வந்தாலும், மூன்றாவது வாரத்துக்குள் என் அலமாரியில் இருக்கும் பழைய மான்ஸ்டர் புத்தகங்களைக் கையில் எடுத்துவிடுவார்கள். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், சுருக்கமாக டி அண்ட் டி, என்கிற விளையாட்டில் எதிரே வரும் ஜந்துக்களின் பட்டியல்கள் அவை. நாலு பக்கம் புரட்டியதும் ஒரு சிரிப்பு வரும். அப்புறம் கேள்விகள் வரும். ஆள் மாறுமே தவிர கேள்வி மாறாது. பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், அவர்கள் கேட்ட மாதிரியே இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

முதல்ல இது என்ன, கம்ப்யூட்டர் கேமா?

இல்லை. மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசிப் பேசியே ஆடுவது. டன்ஜன் மாஸ்டர் என்று ஒருவர் இருப்பார், சுருக்கமாக டி.எம். "கதவைத் திறந்தீர்கள், உள்ளே இருட்டு, ஏதோ நாறுகிறது" என்று நிலவரத்தை அவர் சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு, போர்வீரனாகவோ மந்திரவாதியாகவோ திருடனாகவோ, என்ன செய்கிறோம் என்று சொல்ல வேண்டும். நடந்ததா இல்லையா என்பதைப் பகடை தீர்மானிக்கும்.

இந்த வகை விளையாட்டுக்கெல்லாம் மூத்தது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னசனும் சேர்ந்து உருவாக்கி 1974-ல் வெளியிட்டார்கள். வெளியிட்ட நிறுவனம் டி.எஸ்.ஆர்., இருந்த இடம் அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்கிற சின்ன ஊர்.

"பழைய" ஜந்துன்னு எதைச் சொல்றீங்க?

ஏறக்குறைய 1974 முதல் 1989 வரை வந்தவை. மூன்று புத்தகங்களை மட்டும் நினைவில் வைத்தால் போதும். 1977-ல் வந்த மான்ஸ்டர் மேனுவல், 1981-ல் வந்த ஃபீண்ட் ஃபோலியோ, 1983-ல் வந்த இரண்டாவது மான்ஸ்டர் மேனுவல். 1975-ல் வந்த கிரேஹாக் என்கிற மெல்லிய இணைப்புப் புத்தகத்தையும் சேர்க்க வேண்டும், ஏனென்றால் இங்கே பேசப்போகும் பலவற்றுக்கு அதுதான் பிறந்த வீடு.

ஆந்தைக்கரடி பிளாஸ்டிக் பொம்மையில இருந்து வந்ததாமே? சும்மா சொல்றாங்களா?

உண்மைதான். கைகாக்ஸ் தன் வீட்டில் குட்டிப் பொம்மைகளை வைத்துப் போர் விளையாட்டு ஆடிக்கொண்டிருந்த காலத்தில், மாயாஜாலப் பிராணிகளுக்குப் பொம்மை எங்கேயும் கிடைக்காது. மலிவு விலைக் கடையில் ஒரு பாக்கெட் வாங்கினார். ஹாங்காங்கில் செய்தவை. "வரலாற்றுக்கு முந்தைய விலங்குகள்" என்று போட்டு விற்றார்கள், ஆனால் உள்ளே இருந்தவற்றில் சிலது எந்தக் காலத்திலும் எந்த மண்ணிலும் நடமாடியவை அல்ல. அலகு வைத்த தடியன் ஒருவன். முதுகில் ஓடு மாட்டிய ஒரு சுறாத்தலை. வால் நுனியில் புரொப்பல்லர் மாதிரி ஏதோ ஒட்டியிருந்த ஒரு நண்டுப் பூச்சி.

அலகு வைத்தவன் ஆந்தைக்கரடி ஆனான். புரொப்பல்லர் வால் ரஸ்ட் மான்ஸ்டர் ஆனது. 1977 புத்தகத்துப் படத்திலும் அந்த வாலை அப்படியே பார்க்கலாம். அது எதற்கு என்று யாரும் விளக்கவில்லை, பொம்மையில் இருந்தது, அவ்வளவுதான். சுறாத்தலைக்கு மட்டும் கொஞ்ச நாள் பெயர் கிடைக்கவில்லை. 1976-ல் டி.எஸ்.ஆர். பத்திரிகையான தி டிராகனின் முதல் இதழில் டிம் காஸ்க் அதற்கு புலெட் என்று பெயர் வைத்துக் குணம் எழுதினார். தரைக்கு அடியில் நீந்தி வந்து மேலே பாயும். ஹாஃப்லிங் என்கிற குள்ளர்களின் கறி என்றால் உயிர், எல்ஃப் கறி பிடிக்காது. பிராணிக்குப் பல்லையும் நகத்தையும் தருவதோடு நிறுத்தாமல் நாக்கு ருசியையும் எழுதி வைத்தார் பாருங்கள், அந்தக் கிறுக்குத்தனத்துக்காகத்தான் இந்தப் புத்தகங்களை நான் இன்னும் வைத்திருக்கிறேன்.

ரஸ்ட் மான்ஸ்டர் அடிக்கவே அடிக்காதாமே. அப்புறம் எதுக்கு அதைக் கண்டு ஓடணும்?

சரியாகப் படித்திருக்கிறீர்கள். புத்தகத்தில் அது செய்யும் சேதம் என்ற இடத்தில் "இல்லை" என்றே இருக்கும். அதற்கு உங்கள்மேல் விரோதமே கிடையாது. அதன் சாப்பாடு துரு. இரண்டு உணர்கொம்புகள் இருக்கின்றன, அவை பட்ட இரும்பு அந்த நிமிடமே துருவாய் உதிர்ந்துவிடும். மந்திர வாளுக்கும் பெரிய பாதுகாப்பு இல்லை. மந்திர வாளின் வலிமையை +1, +2 என்று குறிப்பார்கள், அந்த ஒவ்வொரு புள்ளிக்கும் பத்து சதவீதம்தான் தப்பிக்க வாய்ப்பு.

இதன் கொடுமை ஆடிப் பார்த்தால்தான் தெரியும். எங்கள் கூட்டத்தில் ஒரு நண்பர் ஏறக்குறைய ஆறு மாதம் ஆடி, தங்கக் காசு சேர்த்து, தலை முதல் கால் வரை மூடும் கவசம் வாங்கினார். வாங்கிய அடுத்த வாரமே குகையில் இது எதிரே வந்தது. டிராகன் நெருப்புக் கக்கியபோதுகூட "பரவாயில்லை, தாங்குவேன்" என்று நின்றவர், இப்போது நாற்காலியை விட்டு எழுந்தே நின்றுவிட்டார். "கவசத்தைக் கழற்ற எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேட்டார். கடைசியில் உள்ளாடையோடு, கையில் ஒரு மரக்கட்டையை வைத்துக்கொண்டு சண்டை போட்டார். அதுவரை வாயைத் திறக்காமல் இருந்த திருடன், பையிலிருந்த இரும்பு ஆணிகளை எடுத்து ஒவ்வொன்றாய் அறை மூலையில் வீசினான். அதுவும் நாய்க்குட்டி மாதிரி ஆணியின் பின்னாலேயே போய்விட்டது. இரும்பைத் தூக்கிப் போட்டால் நின்று தின்னும் என்று புத்தகத்திலேயே இருக்கிறது. திருடன் அதைப் படித்தவன் இல்லை, தானாகத் தோன்றியது.

உயிர் போனால் புதுப் பாத்திரம் செய்துகொள்ளலாம். கவசம் போனால் ஆறு மாதம் போச்சு. நல்ல பழைய ஜந்துக்கள் உங்கள் உடம்பை விட்டுவிட்டு, நீங்கள் ஆசையாய்ச் சேர்த்ததிலோ பழகிப்போன பழக்கத்திலோ கைவைக்கும்.

ஜெல்லி கனசதுரம்னு ஒண்ணு இருக்கே, உயிருள்ள ஒண்ணு எப்படிச் சரியா பத்தடிக்குப் பத்தடி இருக்கும்?

இயற்கையில் இருக்காது. ஆனால் கட்டம் போட்ட தாளில் இருக்கும். அந்தக் காலத்தில் டி.எம். வீட்டில் உட்கார்ந்து கட்டத் தாளில் குகை வரைவார். ஒரு கட்டம் பத்தடி, நடைபாதையும் வழக்கமாகப் பத்தடி அகலம். அந்த நடைபாதையில் இண்டு இடுக்கு இல்லாமல் அடைத்துக்கொண்டு நகரும்படி ஒரு ஜந்து வேண்டுமென்றால் அது கனசதுரமாகத்தான் இருக்க முடியும். காட்டில் பரிணமித்த உயிர் இல்லை இது. வரைபடத்தில் பரிணமித்த உயிர்.

கண்ணாடி மாதிரி இருக்கும், அதனால் நேரே நடந்து போய் முட்டிக்கொள்வார்கள். தொட்டால் உடம்பு மரத்துவிடும், பிறகு மெல்லச் செரித்துக்கொள்ளும். உலோகம் மட்டும் செரிக்காது. ஆகவே முன்பு மாட்டியவர்களின் காசும் கத்தியும் அதன் வயிற்றிலேயே மிதந்துகொண்டிருக்கும். குகையில் பிணமும் குப்பையும் ஏன் குவியவில்லை என்ற கேள்விக்கும் இதுதான் பதில், கூட்டிப் பெருக்குவது இவர் வேலை. கூரையில் தொங்கும் பச்சைச் சளி, கறுப்புக் கூழ், சாக்கடையில் குடியிருக்கும் ஓட்யூக் எல்லாம் இதே துப்புரவுப் பிரிவுதான்.

பெட்டி கடிக்குது, தரை முழுங்குது, கூரை மேல விழுது. டி.எம்.களுக்கு அப்படி என்ன வஞ்சம்?

வஞ்சம் இல்லை, பதிலடி. அன்றைய ஆட்டக்காரர்கள் படு உஷார். வாரா வாரம் அதே குகைக்குள் இறங்கியவர்கள், ஒவ்வொரு ஆபத்துக்கும் ஒரு பழக்கத்தை வளர்த்துக்கொண்டார்கள். அந்தப் பழக்கத்தையே பொறியாக்க டி.எம்.கள் ஜந்துக்களைப் பிறப்பித்தார்கள். பெட்டியைக் கண்டதும் பாய்கிறார்களா? பெட்டி வேஷம் போடும் மிமிக். தரையைத் தட்டிப் பார்த்துவிட்டு மேலே பார்க்காமல் போகிறார்களா? கூரையாகப் படர்ந்து கிடக்கும் லர்க்கர், சுண்ணக்கல் ஊசி மாதிரி தொங்கி உச்சந்தலையில் விழும் பியர்ஸர். சரி, மேலே பார்த்தே நடக்கிறார்களா? தரையாகவே விரிந்து கிடக்கும் டிராப்பர்.

இந்தக் கூட்டத்தில் எனக்குப் பிடித்தது காதுப்பூச்சி. திருடன் பாத்திரத்துக்குக் கதவில் காதை வைத்து ஒட்டுக்கேட்கும் திறமை உண்டு, அதனால் ஒவ்வொரு கதவிலும் பத்து நிமிடம் நின்றுவிடுவான். ஆட்டமே நகராது. உடனே மரக்கதவில் குடியிருக்கும் ஒரு பூச்சி முளைத்தது. வெதுவெதுப்பான இடம் தேடிக் காதுக்குள் புகுந்து முட்டையிடும், பொரித்த குஞ்சுகளுக்கு உங்கள் மண்டைதான் சாப்பாடு. ஆட்டக்காரர்கள் சும்மா விட்டார்களா? புனல் மாதிரி ஒரு கருவி செய்து, வாயில் கம்பி வலை கட்டி, அதை வைத்துக் கேட்க ஆரம்பித்தார்கள். இந்த மல்லுக்கட்டு பல வருடம் ஓடியது.

கேஸ் ஸ்போரையும் சொல்லிவிடுகிறேன். பீஹோல்டர் என்று ஒரு பெரிய வில்லன் உண்டு. மிதக்கும் உருண்டை, நடுவில் ஒரு பெரிய கண், தலைமேல் பத்துக் குட்டிக் கண்கள். அதைக் கண்டால் எல்லோரும் முந்திக்கொண்டு அடிப்பார்கள். கேஸ் ஸ்போர் தூரத்திலிருந்து அச்சு அசலாக அதே மாதிரி இருக்கும் ஒரு வாயுப் பூஞ்சை. அதன் உயிர் ஒரே ஒரு புள்ளி. ஒரு அடி பட்டால் போதும், வெடித்து எல்லோரையும் கொண்டுபோய்விடும்.

ஃப்ளம்ஃப் படத்தைப் பார்த்தாலே எல்லாரும் ஏன் சிரிக்கிறாங்க?

நீங்களே சொல்லுங்கள். வெள்ளை வெளேரென்று தோசைக்கல் அளவை விடப் பெரிய ஒரு வட்டம், மேலே காம்பில் இரண்டு கண்கள், கீழே முட்களும் தொங்கும் இழைகளும். காற்றை ஊதி ஊதி மிதக்கும். எதிரியின் மேல் பொத்தென்று விழுந்து முள்ளால் குத்தி அமிலம் ஏற்றும். ஆபத்து என்றால் நாற்றம் பிடித்த ஒரு திரவத்தைப் பீய்ச்சும், அது பட்டவரைச் சொந்தக் கூட்டாளிகளே கிட்டச் சேர்க்க மாட்டார்கள். இத்தனை ஆயுதம் இருந்தும் குப்புறக் கவிழ்த்துப் போட்டால் கதை முடிந்தது, ஆமை மாதிரி ஒன்றும் செய்ய முடியாமல் கிடக்கும்.

உச்சக்கட்டம் என்னவென்றால், இது பரம நல்லவன். அந்த விளையாட்டில் ஒவ்வொரு உயிருக்கும் குண வகை உண்டு, ஃப்ளம்ஃபுக்குப் போட்டிருப்பது ஒழுங்கும் நன்மையும். புனித வீரனுக்குப் போடும் அதே முத்திரை. கொல்லவேண்டிய பிராணிகளின் பட்டியல் என்று நினைத்து ஃபீண்ட் ஃபோலியோவைத் திறந்தால் நடுவில் இப்படி ஒரு சாது. பல வருடம் கேலிப்பொருளாக இருந்தது. ஆனால் 2014-ல் வந்த ஐந்தாம் பதிப்பின் முதல் மான்ஸ்டர் மேனுவலிலேயே மரியாதையாக இடம் பிடித்துவிட்டது. கேலி செய்தவர்களே வளர்ந்து பெரியவர்களாகி ஆசையாகக் கூப்பிட்டுக்கொண்டார்கள் என்பது என் கணிப்பு.

ஃபீண்ட் ஃபோலியோ முழுக்க இப்படிக் கோமாளிகள்தானா?

இல்லை. அது பிறந்த விதம் அப்படி. பிரிட்டனில் வைட் டுவார்ஃப் என்கிற பத்திரிகையில், வாசகர்கள் தாங்களே உருவாக்கிய ஜந்துக்களை அனுப்புவதற்கென்று ஒரு பகுதி இருந்தது. அதில் வந்தவற்றையும் வேறு சிலவற்றையும் டான் டர்ன்புல் தொகுத்தார். வாசகர் கடிதங்களால் ஆன புத்தகம் என்றால் தரம் எப்படி இருக்கும்? ஒரு பக்கத்தில் தங்கம், அடுத்த பக்கத்தில் பித்தளை.

தண்டாயுதங்களையே கொம்பாக வீசும் நத்தை ஒன்று உண்டு. அதன் பளபளக்கும் ஓட்டில் மந்திரம் பட்டால் எங்கேயாவது தெறித்துப் போகும். ஒட்டகம் மாதிரி நீல நிறத்தில் ஒன்று வந்து, மூக்கை நீட்டி உங்கள் மந்திர வாளின் சக்தியை உறிஞ்சிவிடும், ரஸ்ட் மான்ஸ்டரின் பணக்காரச் சித்தப்பா என்று வைத்துக்கொள்ளுங்கள். அட்டையில் நிற்கும் கித்யாங்கி என்கிற போர்வீர இனத்தாரும் இதே புத்தகத்தில் வந்தவர்கள்தான். அவர்களை எழுதி அனுப்பிய இளைஞர் சார்லஸ் ஸ்ட்ராஸ், பிற்பாடு பெயர் பெற்ற அறிவியல் புனைகதை எழுத்தாளர். பெயரை மட்டும் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நாவல் ஒன்றிலிருந்து எடுத்தார். 2023-ல் வந்த பால்டர்ஸ் கேட் 3 கம்ப்யூட்டர் கேமை ஆடிவிட்டு எங்களிடம் வருபவர்களுக்குக் கித்யாங்கியை அறிமுகப்படுத்தவே வேண்டியதில்லை.

நில்பாக்கை அடிச்சா அதுக்கு உயிர் ஏறுதாமே. அப்ப எப்படித்தான் கொல்றது?

கோபத்தை விட்டால் கொல்லலாம். காப்ளின் என்கிற குட்டிப் பூதத்தின் பெயரை ஆங்கில எழுத்தில் திருப்பி எழுதினால் நில்பாக். விகடகவியைத் திருப்பினால் விகடகவியே வரும், காப்ளினைத் திருப்பினால் தலைவலி வரும். வெட்டினால் அதற்குத் தெம்பு கூடும். ஆகவே காயம் ஆற்றும் மந்திரத்தைப் போட வேண்டும், மருந்து ஊற்ற வேண்டும், செத்துப்போகும்.

அத்தோடு போனால் பரவாயில்லை. நில்பாக் பக்கத்தில் இருந்தாலே காரியங்கள் தலைகீழாகிவிடும் என்கிறது புத்தகம். கொள்ளையடிக்க வந்த கூட்டம், தன் கையிலிருக்கும் புதையலையெல்லாம் அதன் காலிப் பெட்டிகளில் நிரப்பிவிட்டு வெறுங்கையோடு திரும்பும். நான் ஒருமுறைதான் கொண்டுவந்தேன். மறுவாரம் இரண்டு பேர் ஆட வரவில்லை.

மான்ஸ்டர் மேனுவல்ல ராட்சசன்னு போட்டிருக்கே, புலித்தலையோட பைப் பிடிக்கிறான். அது நம்ம ராட்சசன்தானா?

பெயர் நம்முடையது, முதலில் அறியப்பட்டது இந்தியாவில் என்று அந்தப் பக்கமே சொல்கிறது. ஆனால் வந்த பாதை சுற்றுவழி. 1974-ல் கோல்சாக் என்கிற அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடரில் ஒரு ராட்சசக் கதை வந்தது. எதிரே நிற்பவர் நம்பும் ஆளின் உருவத்தில் வந்து கிட்ட நெருங்கித் தின்றுவிடுவான், மந்திரித்த குறுக்குவில் அம்புதான் அவனைக் கொல்லும். இரண்டும் 1977 புத்தகத்தில் இருக்கின்றன. கைகாக்ஸும் அந்தத் தொடரிலிருந்து எடுத்ததைச் சொல்லியிருக்கிறார்.

உருமாறி ஏமாற்றுவது நமக்குப் புதிதில்லை. மாரீசன் மானாக வந்தான், இராவணன் சந்நியாசியாக வந்தான், சூர்ப்பணகை அழகியாக வந்தாள். அந்த மட்டில் கரெக்ட். புலித்தலையையும் சீமைக் கோட்டையும் புகைக்குழாயையும் எந்தப் பாட்டியும் நமக்குச் சொன்னதில்லை. எனக்கு அந்தப் படத்தின்மேல் கோபமில்லை, சொல்லப்போனால் பிடிக்கும். சாப்பாட்டுக்குப் பிறகு சாவகாசமாக உட்கார்ந்திருக்கும் ஜமீன்தார் மாதிரி இருப்பான். சாப்பிட்டது யாரை என்றுதான் கேட்கக் கூடாது.

மத்ததெல்லாம் பழைய புராணங்கள்ல இருந்து எடுத்ததா?

கொஞ்சம். ஆனால் கவனமாக இருங்கள், பழசு மாதிரி தோன்றுவது புதுசாக இருக்கும். மான் உடம்பும் பறவைச் சிறகுமாகப் பறந்து, மனித நிழல் விழும் பெரிட்டான் கிரேக்கப் பழங்கதை என்றே பலர் நம்புகிறார்கள். அர்ஜென்டினா எழுத்தாளர் போர்ஹேஸ் தன் கற்பனைப் பிராணிகளின் தொகுப்பில் அதை ஏதோ பழைய ஏட்டில் கண்டதாக எழுதினார். அவருக்கு முன்னால் அது எங்கேயும் இல்லை. அவர் விட்ட கதையை 1977 புத்தகம் நம்பிச் சேர்த்துக்கொண்டது.

இதற்கு நேர்மாறு கார்கன். பாம்புத்தலை மெடூசாவின் பெயரை இரும்புச் செதில் போட்ட காளைக்கு வைத்திருக்கிறார்களே, தப்பு என்று சண்டைக்கு வருவார்கள். தப்பில்லை. 1607-ல் எட்வர்ட் டாப்செல் இங்கிலாந்தில் வெளியிட்ட விலங்கு நூலிலேயே கார்கன் செதில் போட்ட நாலுகால் பிராணிதான்.

வேற கம்பெனி விளையாட்டுல ஆந்தைக்கரடி வருது, ஆனா பீஹோல்டர் வர்றதில்லையே, ஏன்?

உரிமைப் பிரச்சினை. 1997-ல் டி.எஸ்.ஆரை விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் வாங்கியது. 2000-ல் மூன்றாம் பதிப்பு வந்தபோது, விதிகளில் பெரும்பகுதியை யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று திறந்துவிட்டார்கள். ஆனால் பீஹோல்டர், கித்யாங்கி, மைண்ட் ஃப்ளேயர் போன்ற சில செல்லப்பிள்ளைகளைத் தங்களிடமே நிறுத்திக்கொண்டார்கள். ஆந்தைக்கரடியும் ரஸ்ட் மான்ஸ்டரும் கனசதுரமும் வெளியே போனவை. பொம்மைப் பாக்கெட் பிள்ளைகள் ஊர்ப் பொதுச்சொத்து ஆனார்கள்.

நடுவுல ஒரு பதிப்புல பேய், பிசாசு எல்லாம் காணோமே?

1980-களில் அமெரிக்காவில் இந்த விளையாட்டு பிள்ளைகளைச் சாத்தான் வழிபாட்டுக்கு இழுக்கிறது என்று பெரிய கூச்சல். 1989-ல் இரண்டாம் பதிப்பு வந்தபோது பேய்களை எடுத்துவிட்டார்கள். இரண்டு வருடத்தில் டனாரி, பாடெசு என்று வாயில் நுழையாத பெயர்களில் அவை திரும்பி வந்தன.

அந்தப் பதிப்பில் எனக்கு நினைவிருப்பது வேறொன்று. புத்தகத்துக்குப் பதில் கோப்பில் கோக்கும் தனித்தாள்களாக ஜந்துக்களை விற்றார்கள், புதிது வாங்கினால் அகரவரிசையில் சொருகிக்கொள்ளலாம் என்று. நல்ல யோசனை. ஆனால் தாளின் இரண்டு பக்கத்திலும் வெவ்வேறு ஜந்து அச்சாகியிருக்கும். ஒன்றை அதன் இடத்தில் வைத்தால் முதுகில் இருப்பது இடம் மாறிவிடும். ஓட்டைகள் கிழிந்து தாள் விழுவது தனிக்கதை. 1993-ல் மறுபடி ஒழுங்கான ஒரே புத்தகமாகப் போட்டார்கள்.

புதுசா டி.எம். ஆகப்போறேன். இதுல எதை முதல்ல இறக்கலாம்?

நில்பாக் வேண்டாம், காரணம் மேலே சொல்லிவிட்டேன். ரஸ்ட் மான்ஸ்டர் வேண்டுமானால் ஆட்டக்காரர்களிடம் இழக்க ஏதாவது சேரும்வரை காத்திருங்கள். முதல் நாளுக்குக் கனசதுரம்தான். ஒரே ஒரு விதி, பெயரைச் சொல்லாதீர்கள். பெயரைச் சொன்னால் கைப்பேசியில் தேடிப் பார்த்துவிடுவார்கள்.

"இதுவரை வந்த பாதையில் கணுக்கால் அளவு தூசி. இங்கே மட்டும் தரை துடைத்துவிட்ட மாதிரி இருக்கிறது" என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். யாரும் கண்டுகொள்ள மாட்டார்கள். கொஞ்ச நேரம் கழித்து, "எதிரே ஒரு எலும்புக்கூடு வருகிறது. நடந்து வரவில்லை, காற்றில் மிதந்து வருகிறது. அதன் இடுப்பருகே ஒரு வெள்ளிக் கத்தியும் மிதக்கிறது" என்று சொல்லுங்கள். ஒருவர் வாளை உருவுவார், ஒருவர் பின்வாங்குவார். நிச்சயம் ஒருவர், "அந்தக் கத்தியை நான் எடுத்துக்கலாமா?" என்று கேட்பார். தாராளமாக எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.